முகமூடி அணிந்த தலைவன்



மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவன், ஆகாயத்தில் பறக்கும் பெண்களும் பச்சை நிறப் பையன்களும் வருகின்ற கார்ட்டூன் தொடரைப் பற்றி எழுதப் புகுந்திருப்பதைக் கண்டு நீங்கள் புன்னகைக்கலாம். என் இல்லத்தாளும் சிரிக்கத்தான் செய்தாள். "பிள்ளைக்குத் துணையா உட்கார்ந்தீங்க. இப்ப பிள்ளை தூங்கிருச்சு, நீங்க இன்னும் பார்த்துக்கிட்டிருக்கீங்க" என்று அவள் சொன்ன அந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கின்றது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கு காலம். மதரஸா மூடப்பட்டிருந்தது. அப்போது ஏழாம் வகுப்பில் இருந்த என் மகளுக்குப் பள்ளியும் இல்லை, தோழியரும் இல்லை. சென்னையிலிருந்து வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட என் மைத்துனர் மகன், ஒரு பென் டிரைவில் 'டீன் டைட்டன்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரைக் கொண்டு வந்திருந்தான். பிள்ளைகள் எதைப் பார்க்கின்றார்கள் என்று கவனிக்க வேண்டியது தகப்பனின் கடமை அல்லவா? அந்த எண்ணத்தோடுதான் பக்கத்தில் அமர்ந்தேன். ஆங்கிலம் விளங்காத இடங்களில் மகளுக்குப் பொருள் சொல்லும் வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது. ஒரு கலைக் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் நான். துணைப்பாடமாக உளவியலும் படித்தேன். தேர்வு எழுதிய மறுநாளே அந்த உளவியலை மறந்துவிட்டதாக எண்ணியிருந்தேன். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஒரு கார்ட்டூன் அதைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தது.

தொடரைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகின்றேன். மார்வ் வுல்ஃப்மன் என்ற எழுத்தாளரும் ஜார்ஜ் பெரேஸ் என்ற ஓவியரும் 1980இல் புதுப்பித்து வெளியிட்ட சித்திரக்கதையே இதற்கு மூலம். அதிலிருந்து உருவாக்கப்பட்ட இத்தொடர் 2003 ஜூலையில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கி 2006 ஜனவரியில் நிறைவுற்றது. ஐந்து பருவங்கள், ஒவ்வொன்றிலும் பதின்மூன்று வீதம் 65 பகுதிகள். கடற்கரை நகரம் ஒன்றில், 'டி' என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் கட்டப்பட்ட கோபுரத்தில் ஐந்து இளைஞர்கள் ஒன்றாக வசிக்கின்றார்கள். நகருக்குத் தீங்கு நேர்ந்தால் ஓடிச்சென்று தடுக்கின்றார்கள். அவர்களுக்குப் பெற்றோர் இல்லை, அல்லது அருகில் இல்லை. மூத்தவர் என்று சொல்ல எவரும் அந்தக் கோபுரத்தில் கிடையாது. சமையல், சண்டை, சமாதானம் எல்லாம் அவர்களுக்குள்ளேயே. மாணவர் விடுதியில் காலம் கழித்தவர்களுக்கு இந்த வாழ்க்கை அந்நியமாகத் தோன்றாது.

குத்துச் சண்டைகள் அளவுக்கு மீறி வருகின்றன. அதை நான் மறைக்கப் போவதில்லை. சில பகுதிகளில் வில்லன்கள் வெறும் கோமாளிகள். ஆனால் சண்டை முடிந்தபின் அந்த ஐவரும் ஒரே மேசையில் அமரும்போதுதான் கதை உண்மையில் தொடங்குகின்றது.

சைபோர்க் என்பவன் ஒரு விபத்துக்குப் பின் பாதி உடல் இயந்திரமாக மாற்றப்பட்டவன். விளையாட்டு வீரனாக இருந்தவன். பீஸ்ட் பாய் எந்த விலங்காகவும் மாறக்கூடியவன். நகைச்சுவை என்ற பெயரில் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பான். எவரும் சிரிக்காவிட்டாலும் நிறுத்தமாட்டான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அது பேசாமல் இருக்கும் நாளில்தான் பெற்றோர் கவலைப்பட வேண்டும் என்பது என் அனுபவம். இந்த இருவரையும் பற்றி இவ்வளவு போதும்.

என்னை வியக்க வைத்தது இரண்டு பெண்களையும் படைத்திருந்த விதமே. ஸ்டார்ஃபயர் வேற்றுக் கிரகத்து இளவரசி. அவளுடைய ஆற்றல் முழுவதும் உணர்ச்சியில் அடங்கியிருக்கின்றது. மனத்தில் மகிழ்ச்சி இருந்தால்தான் பறக்க முடியும்; நியாயமான சினம் எழுந்தால்தான் கையிலிருந்து ஒளிக்கதிர் புறப்படும். ரேவன் இதற்கு நேர் எதிரானவள். அவள் உணர்ச்சிவசப்பட்டால் சுற்றியுள்ள பொருள்கள் வெடித்துச் சிதறும். ஆகையால் சிரிப்பையும் அழுகையையும் அச்சத்தையும் அடக்கி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தனி அறையில் அமர்ந்திருப்பாள். ஒருத்தி உணர்ந்தே ஆகவேண்டும். மற்றவள் உணரவே கூடாது. முதற்பருவத்தில் ஒரு பகுதியில் இவ்விருவரின் உயிர்களும் உடல் மாறிவிடுகின்றன. ஸ்டார்ஃபயரின் உடலில் சிக்கிய ரேவனால் ஓர் அடிகூட மேலே எழும்ப முடியவில்லை. மகிழ்வது எப்படி என்று அவளுக்குத் தெரிந்தால் அல்லவா பறப்பாள்! ரேவனின் உடலில் சிக்கிய ஸ்டார்ஃபயரோ சற்றே கலங்கினாலும் எதையாவது உடைத்துவிடுகின்றாள். அதுவரை ஒருத்தி மற்றவளை அசடு என்று எண்ணியிருந்தாள். மற்றவள் இவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருந்தாள். ஒருவர் தோலுக்குள் ஒருவர் இருந்து பார்த்தபின்தான், அவரவர் தினமும் எவ்வளவு பாடுபட்டுத் தம்மைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது புரிகின்றது.

இன்னொரு பகுதியில் சைபோர்க்கும் பீஸ்ட் பாயும் தவறுதலாக ஒரு கண்ணாடியின் வழியே ரேவனின் மனத்துக்குள்ளேயே விழுந்துவிடுகின்றார்கள். அங்கே பல நிற ஆடைகளில் பல ரேவன்கள் உலவுகின்றார்கள். ஒருத்தி சிரித்துக் குதிக்கின்றாள். ஒருத்தி, முன்பு உன்னிடம் கடுமையாகப் பேசிவிட்டேன் என்று அஞ்சி அஞ்சி மன்னிப்புக் கேட்கின்றாள். ஒருத்தி வீரம் பேசுகின்றாள். சிவப்பு ஆடையில் இருப்பதுதான் சினம். அது அவளுடைய கொடிய தந்தையின் உருவத்தையே எடுத்துக்கொண்டு நிற்கின்றது. அந்த ரேவன்கள் எல்லாரும் ஒன்றாக இணைந்த பிறகே அதை அடக்க முடிகின்றது. உளவியல் நூலில் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்த விஷயத்தை இருபது நிமிடத்தில் என் பன்னிரண்டு வயது மகளுக்கு விளக்கிவிட்டார்களே என்று எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது. அதன்பின் வீட்டில் என் இல்லத்தாள் கோபமாக இருக்கும்போதெல்லாம், "அத்தா, இன்னைக்கு அம்மா சிவப்பு" என்று என் மகள் காதோடு சொல்லத் தொடங்கினாள்.

இனி ராபினிடம் வருகின்றேன். நான் பேனாவை எடுத்ததே அவனுக்காகத்தான்.

ஐவரில் எந்த அமானுஷ்ய சக்தியும் இல்லாதவன் அவன் ஒருவனே. பயிற்சி, அறிவு, விடாமுயற்சி ஆகியவையே அவன் ஆயுதம். அவனே தலைவன். கண்களை மறைக்கும் முகமூடி ஒன்று அணிந்திருப்பான். அதை அவன் கழற்றிப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. கூடவே உண்டு உறங்கும் நண்பர்களிடமும் அப்படித்தான். ஸ்லேட் என்ற எதிரியைப் பிடிப்பதே அவன் பித்தாகிவிடுகின்றது. முதற்பருவத்திலேயே வரும் ஒரு பகுதியில் 'ரெட் எக்ஸ்' என்ற புதிய திருடன் தோன்றி, விலைமதிப்புள்ள கணினிச் சில்லுகளைத் திருடி ஸ்லேடிடம் கொடுத்து அவனுடைய நம்பிக்கையைப் பெற முயல்கின்றான். நண்பர்கள் நால்வரும் அவனைப் பிடிக்கப் போராடி அடிபடுகின்றார்கள். பிறகு முகமூடி கழல்கின்றது. அந்தத் திருடன் ராபினேதான். ஸ்லேட் யார் என்பதைக் கண்டறிய அவனே போட்ட வேடம் அது. நண்பர்களிடம் சொன்னால் அவர்கள் உண்மையாகச் சண்டையிட மாட்டார்கள், நாடகம் வெளிப்பட்டுவிடும் என்று மறைத்துவிட்டான். இத்தனைக்கும் ஸ்லேட் ஏமாறவேயில்லை. முதலிலிருந்தே அவனுக்குத் தெரிந்திருந்தது. ஏமாந்தவர்கள் நண்பர்கள் மட்டுமே.

என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அவங்ககிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமில்ல அத்தா? ஏன் சொல்லல?" என்றாள்.

வாசகர்களே, நான் அவளுக்கு உடனே பதில் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

2009ஆம் ஆண்டில் நான் ஓர் ஊரில், விடுதியோடு இணைந்த மதரஸா ஒன்றில் ஆசிரியனாக இருந்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். அங்கே மாணவர்களின் தகரப் பெட்டிகளிலிருந்து பணமும் கைக்கடிகாரமும் காணாமற்போய்க்கொண்டிருந்தன. மூன்று நான்கு பெரிய பையன்கள்மீது எனக்குச் சந்தேகம், சான்று இல்லை. அப்போது எனக்கு முப்பத்தோரு வயது. மாணவர் மனத்தை நன்கு அறிந்தவன் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. பதினான்கு வயதில் ஒரு மாணவன் இருந்தான். இனிய குரல், கூரிய அறிவு, என்மீது மிகுந்த பற்று. அவனைத் தனியே அழைத்தேன். நீயும் திருடுகின்றவன் போல அவர்களோடு சேர்ந்துகொள், யார் என்பதைக் கண்டறிந்து வந்து சொல் என்றேன். அவர்கள் நம்புவதற்காக என் கைக்கடிகாரத்தையே கழற்றி அவனிடம் கொடுத்தேன். ஹஜ்ரத்தின் மேசையிலிருந்து எடுத்தேன் என்று காட்டு என்று சொல்லியனுப்பினேன். முதல்வரிடம் இதைச் சொல்லவில்லை. சக ஆசிரியர்களிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு கசிந்துவிடும் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். வேலையை முடித்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் போய் நிற்கலாம் என்ற ஆசையும் உள்ளே இருந்தது. அதை ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன.

நான்காம் நாள், எனக்குத் தெரியாமலே முதல்வர் எல்லாப் பெட்டிகளையும் சோதிக்கச் செய்தார். அந்தப் பிள்ளையின் பெட்டியில் என் கடிகாரம் கிடைத்தது.

கூடத்தில் எல்லா மாணவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் மட்டும் நடுவில் நின்றான். அவன் வாய் திறக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடாதே என்று நான் இட்ட கட்டளையை அந்த நிலையிலும் அவன் காத்தான். நான் சொல்வேன் என்று காத்திருந்தான். நானோ, இப்போது வாய் திறந்தால் செய்ததெல்லாம் வீண், இரவில் முதல்வரைத் தனியே பார்த்துச் சொல்லிவிடலாம் என்று எண்ணி, தலையைக் குனிந்துகொண்டேன். முதல்வர் அன்று இரவு வெளியூர் போய்விட்டார். மறுநாள் நண்பகலில் அவர் திரும்பியதும் நான் போய்ச் சொன்னேன். அதற்குள் காலையிலேயே அவனுடைய தகப்பனார் வந்து, பெட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறியிருந்தார். நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அந்தத் திருட்டுகள் சில மாதங்களில் தாமாகவே நின்றுபோயின. திருடியவர் யார் என்பது இன்றுவரை தெரியாது.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீண்டும் அமர்ந்தேன். திரையில், அன்றைய நிகழ்ச்சிகளுக்குப் பின் ராபின் தனியே நிற்க, ஸ்டார்ஃபயர் மட்டும் அவனிடம் வருகின்றாள். அவள் கத்தவில்லை. நீயும் ஸ்லேடும் ஒரு விஷயத்தில் ஒத்திருக்கின்றீர்கள், அவன் உன்னை நம்பவில்லை, நீ எங்களை நம்பவில்லை என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றாள். பேச்சுமொழியில் தடுமாறும், பிற நேரங்களில் சொற்களைத் தவறாகப் பயன்படுத்திச் சிரிப்பு மூட்டும் அந்தப் பெண்ணின் வாயில் இதை வைத்தவர்கள் மனிதர்களை அறிந்தவர்கள்தாம்.

இந்தத் தொடர் ராபினை அத்தோடு விட்டுவிடவில்லை. முதற்பருவத்தின் முடிவில், நண்பர்களின் இரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத கருவிகளைச் செலுத்திவிட்டு, நீ என் சீடனாக ஊழியம் செய், இல்லையேல் அவர்கள் மடிவார்கள், இதை அவர்களிடம் சொல்லவும் கூடாது என்று ஸ்லேட் அவனை மிரட்டுகின்றான். முன்பு தானாக விரும்பி மறைத்தவன் இப்போது மறைத்தே தீரவேண்டிய நிலை. விருப்பத்துக்குச் செய்த காரியம் விலங்காகித் திரும்பி வருகின்றது. நண்பர்கள் உண்மையை அறிந்து தேடி வந்தபோது, அவன் அதே கருவிகளைத் தன் உடலிலும் ஏற்றிக்கொள்கின்றான். அவர்கள் இறந்தால் நானும் இறப்பேன், உனக்குச் சீடன் கிடைக்கமாட்டான் என்பதே அவன் கணக்கு. அந்த ஒரு நிமிடம்தான் அவன் தலைவனாகின்றான் என்பது என் கருத்து. கூட்டத்தின் நடுவில் தனியே நின்றவன் பக்கத்தில் போய் நிற்கின்றவனே தலைவன். எனக்கு அந்த நிமிடம் கூடத்தில் வாய்த்தது. நான் எழுந்து போகவில்லை.

மூன்றாம் பருவத்தில் வரும் ஒரு பகுதியும் இதன் தொடர்ச்சியே. ஸ்லேட் அப்போது இல்லை. ஆனால் பழைய முகமூடியிலிருந்து பரவிய ஒரு தூள் ராபினின் மூளையைப் பாதிக்க, இருட்டில் அவன் கண்களுக்கு ஸ்லேட் தென்படுகின்றான். அடியும் உதையும் வாங்கி உடலெல்லாம் காயம். மற்றவர்கள் கண்ணுக்கு அங்கே எவருமே இல்லை. அவனுடைய காயங்கள் எல்லாம் அவனே ஏற்படுத்திக்கொண்டவை. விளக்கைப் போட்டதும் அந்த உருவம் மறைகின்றது.

இனி டெர்ராவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. இரண்டாம் பருவத்தில் வருகின்றாள். மண்ணையும் பாறையையும் அசைக்கும் ஆற்றல் அவளுக்கு உண்டு. ஆனால் அதை அடக்கத் தெரியாது. எவரிடமும் சொல்லாதே என்று பீஸ்ட் பாயிடம் வாக்குப் பெறுகின்றாள். அவன் வாக்கைக் காக்கின்றான். ராபின் தன் அறிவால் தானாகவே அதைக் கண்டுகொண்டு, உனக்கு நாங்கள் கற்றுத்தருவோம் என்று அன்போடு சொல்கின்றான். அவளோ பீஸ்ட் பாய்தான் காட்டிக்கொடுத்தான் என்று நம்பி ஓடிப்போகின்றாள். நேரே ஸ்லேடின் கைகளில் போய்ச் சேர்கின்றாள். அவன் அவளுக்கு அடக்கத்தைக் கற்றுக்கொடுக்கின்றான். பிறகு அவளையே ஒற்றாக ஐவரின் கோபுரத்துக்குள் அனுப்புகின்றான். எல்லாரும் அவளை நேசிக்கின்றார்கள். எளிதில் எவரையும் நம்பாத ரேவனும் இறுதியில் நம்புகின்றாள். அதன்பின் துரோகம் வெளிப்படுகின்றது. மற்ற நால்வரையும்விட ரேவனின் சினமே கடுமையாக இருந்தது. மெதுவாகத் திறந்த கதவு அல்லவா, அடைபடும்போது ஓசை பெரிது. முடிவில் டெர்ரா ஸ்லேடை எதிர்த்து, எரிமலையைத் தடுத்து நகரைக் காக்கும் முயற்சியில் கல்லாகிவிடுகின்றாள். அவளை மெய்யான தோழி என்றே பொறித்து ஒரு பலகையை அங்கே வைத்துவிட்டு ஐவரும் திரும்புகின்றார்கள்.

என் மகள் அன்று அழுதாள். ஒரு பிள்ளையை ஒற்றாக்கி அனுப்பிய பெரியவனை அவள் எந்தச் சொல்லால் ஏசினாள் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. ஏசும்போது அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள்.

இடையில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். 2018இல் ஒரு திருமண விருந்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பிரியாணி பரிமாறிக்கொண்டு வந்த இளைஞன் என் இலைக்கு முன் ஒரு கணம் நின்றான். ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தும் நான் அடையாளம் கண்டுகொண்டேன். ஸலாம் சொன்னான், நலம் விசாரித்தான். தால்சாவை இன்னொரு கரண்டி அள்ளி ஊற்றினான். கைகழுவியபின் அவனைத் தேடிப் பின்பக்கம் போனேன். அண்டாவுக்கு அருகில் நின்றிருந்தான். ஆண்டுக்கணக்கில் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த மன்னிப்பை அங்கே புகை நடுவில் கேட்டேன். அவன் நிதானமாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அதெல்லாம் ஞாபகமில்லை ஹஜ்ரத். சின்ன வயசுல என்னென்னமோ நடந்திருக்கும்" என்றான். பிறகு யாரோ அழைக்க, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். என் நெஞ்சின் பாரம் இறங்கியது என்றே அன்று எண்ணினேன். பேருந்தில் நிம்மதியாக உறங்கியும் விட்டேன்.

தொடரின் கடைசிப் பகுதியை 2021ஆம் ஆண்டு, இரண்டாவது ஊரடங்கின்போதுதான் பார்த்தோம். டெர்ராவைப் போன்றே இருக்கும் ஒரு பள்ளி மாணவியைப் பீஸ்ட் பாய் தெருவில் காண்கின்றான். சிலை இருந்த இடத்தில் சிலை இல்லை. அவன் ஓடிப்போய்ப் பேசுகின்றான். பழைய இடங்களுக்கெல்லாம் அழைத்துச் செல்கின்றான். அந்தப் பெண்ணோ, நீ தேடுகின்றவள் நான் இல்லை, எனக்கு எதுவும் நினைவில்லை என்கின்றாள். அடுத்த வகுப்பில் வடிவியல் தேர்வு இருக்கின்றது, இன்னும் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துபோகின்றாள். மற்ற நால்வரும் ஒரு சண்டையில் அவனுக்காகக் காத்திருக்கின்றார்கள். அவன் அவர்களை நோக்கி ஓடுகின்றான். 65 பகுதிகளும் அத்தோடு முடிந்துவிடுகின்றன. அவள் டெர்ராதானா, இல்லையா என்பதை அவர்கள் சொல்லவேயில்லை.

இப்படியும் முடிப்பார்களா என்று நான் அலுத்துக்கொண்டேன். "பாவம், அந்தப் பெண்ணுக்கு எல்லாம் மறந்துபோயிருக்கும்" என்றேன்.

என் மகள் பென் டிரைவைக் கழற்றிக்கொண்டே, "மறக்கலாம் இல்லை அத்தா. அவளுக்கு எல்லாம் ஞாபகமிருக்கு. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஞாபகமில்லாதவங்க யார் நீன்னு கேட்பாங்க. அவ பதற்றப்படாம, நிதானமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாளே" என்றாள். பிறகு விளக்கை அணைக்கவா என்று கேட்டாள். சற்று எரியட்டும் என்றேன்.